புளிப்பை அடக்கிய பரணி

இன்று காலை அடுக்களையிலிருந்து நார்த்தங்காய் அரிகிற வாசனை வந்தது. மூக்கு இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் எழுந்து போய்ப் பார்த்தேன். என் தம்பி மருமகள் நார்த்தங்காயையும் உப்பையும் பிசறி வைத்துவிட்டு, மச்சிலிருந்து இறக்கிய ஊறுகாய் போடுகிற மண் பரணி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பரணி. தோளில் தொடங்கிய பச்சை வழிந்து மஞ்சளோடு கலந்து, அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் மண்ணை விட்டு நின்றுவிட்ட பரணி. நீ செய்தது. நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பரணி விழவில்லை, நல்லவேளை.

"என்ன அத்தை இது? மூணு தரம் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு, வெயில்லயும் வச்சாச்சு" என்றாள். அதில் ஈயம் இருக்கிறது, புளிப்புப் பட்டால் கரைந்து இறங்கும் என்று பாடம் நடத்தினேன். "கழுவினா போகாதா?" என்றாள். நான் பரணியைப் பிடுங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் பேசுவதை நான் நிறுத்தவில்லை. இன்று எழுதியே விடலாம் என்று தோன்றியது.

நாகர்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தபோது நம் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. நீ டிராயிங் டீச்சர், நான் சயன்ஸ் டீச்சர். பிள்ளைகளுக்கு உன்னைப் பிடிக்கும், என்னைக் கண்டால் பயம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நீ என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏட்டி சயின்சு" என்றுதான் கூப்பிடுவாய், தலைமையாசிரியை எதிரிலேயே.

உன் அப்பா பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்து, உலகச் சண்டைக்கு முன்பே கோட்டாற்றுக்குத் திரும்பியவர். அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு மண் குதிரையும், அதைப் பிடித்து நடத்துகிற ஒரு மண் ஆளும் உண்டு. அங்கே ஒரு சீனர் கடையில் வாங்கியது. பழைய பொருள் அல்ல, பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தது. குதிரையின் முதுகில் பச்சையும் மஞ்சளும் வெள்ளையும் கண்ணாடிபோல் உருகி, வயிற்றுப் பக்கம் தாரை தாரையாக இறங்கியிருக்கும். அந்தப் பூச்சை நீ மெருகு என்பாய். ஆளின் உடுப்பிலும் அதே மெருகு. முகத்தில் மட்டும் மெருகில்லாமல், மண்ணின் மேல் கண்ணும் மீசையும் வெறும் சாயத்தால் எழுதியிருந்தது.

முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்தேன். "வேலை தெரியாதவன் பூசியிருக்கான். எல்லாம் ஒழுகிப் போச்சு" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒழுகாம பூச யாராலயும் முடியும் ஏட்டி. எங்க வரைக்கும் ஒழுகணும்னு தெரிஞ்சு விட்டிருக்கான், அதைப் பாரு. குளம்புக்கு மேல வந்து நிக்குது, கண்டியா?"

அன்றைக்குப் பிடித்தது உனக்கு அந்தப் பைத்தியம். யார் யாரையோ பிடித்துச் சீன மண்பாண்டங்களைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை வரவழைத்தாய். மத்தியானம் டீச்சர்கள் அறையில் ஒரு கையில் சோற்றுருண்டையும் மறு கையில் அதுவுமாக இருப்பாய். சீனர்களிடம் மெருகு ஒன்றல்ல, பல வகை என்பாய். விறகுச் சாம்பலையும் களிமண்ணையும் குழைத்துப் பூசுவது ஒரு வகை. அதில் ஒரு துளி இரும்பு சேர்ந்து, சூளையைப் புகை மூட்டிச் சுட்டால் பாசிப் பச்சை வரும். இரும்பு கூடினால் கருப்பட்டி நிறம். ஆனால் அதற்கு நம் ஊர்ச் சூளைகள் காணாத பெரும் சூடு வேண்டும். குதிரையின் மெருகு வேறு. அதில் ஈயம் சேர்ந்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு இரும்பு. 'குறைந்த சூடு' என்று வாசித்ததுமே நீ புத்தகத்தை மூடி வைத்தாய். சுசீந்திரம் போகிற வழியில், குளத்தங்கரையில் இருந்த வேளாரின் சூளை உன் நினைவுக்கு வந்துவிட்டது.

பானை சட்டி வனைகிறவர் அவர். வாய் கொஞ்சம் நீளம். நாம் போய் நின்றதும், "டீச்சர்மாரு ரெண்டுபேரும் சூளைக்க முன்ன நிக்கியோ. செரி, நில்லுங்கோ. ஆனா காரியம் கெட்டா எனக்க மண்ணைக் குத்தம் சொல்லப்பிடாது" என்றார்.

சொல்ல வேண்டிய குற்றமெல்லாம் நம்முடையதாகத்தான் இருந்தது. பெயிண்டுக் கடையில் ஈயச் செந்தூரம் வாங்கினோம். பச்சைக்கு வேண்டிய செம்புக்காக நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கி வறுத்தோம். வெள்ளைக் கல்லை இடித்துப் பொடித்தோம். ஈயப் பொடி பறக்காமல் தண்ணீர் விட்டே அரைக்க வேண்டும், மூக்கில் துணி கட்ட வேண்டும், கை கழுவாமல் வாயில் எதையும் போடக்கூடாது என்று நான் உங்கள் இருவரையும் நச்சரித்துக்கொண்டே இருப்பேன். முதல் சூளையில் பரணிகளை ஒன்றோடொன்று இடித்து வைத்தோம், அடிவரை பூசியும் வைத்தோம். திறந்து பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி. சீனர் ஏன் குளம்புக்கு மேலேயே நிறுத்தினார் என்று அப்போது எனக்கும் புரிந்தது. இரண்டாவது சூளைக்கு நான் என் விஞ்ஞானத்தைக் காட்டுகிறேன் என்று மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து கருமணல் கொண்டுவந்து கலந்தேன். பரணியெல்லாம் அம்மை போட்ட பிள்ளை மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. நீ சிரித்த சிரிப்பு குளத்துக்கு அக்கரையில் கேட்டிருக்கும்.

நம் செம்மண் பச்சையைத் தின்றுவிடுகிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து முதலில் பூசி, அது காய்ந்த பிறகு மெருகு போட்டாய். புகை படாமலிருக்க ஒவ்வொரு பரணியையும் பெரிய பானைக்குள் வைத்து வேளார் அந்தப் பானையின் வாயை மண்ணால் அடைத்தார். சூளை ஆறியதும் முதல் பானையைத் திறந்தார். உள்ளே, வெயில் பட்ட வாழையிலை நிறத்தில் ஒரு பரணி உட்கார்ந்திருந்தது. தோளிலிருந்து இறங்கிய பச்சை, அடிக்கு இரண்டு விரல் மேலே நீ நினைத்த இடத்தில் நின்றிருந்தது. நீ அந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாய். வேளார்தான், "கொள்ளாம்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

அந்தப் பரணியில் உங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாயைப் போட்டாய். உன் அப்பாவுக்கு ஊறுகாயில் காடி, அதுதான் வினிகர், ஊற்ற வேண்டும், அது பினாங்கில் பழகிய வழக்கம். சாதாரணமாக அந்த ஊறுகாய் வாயைக் கோணவைக்கும். இந்தத் தடவை இரண்டு வாரம் கழித்து நீ பள்ளிக்குக் கொண்டுவந்தபோது புளிப்பு அடங்கி, பின்னால் மெல்ல ஒரு இனிப்பு இருந்தது. எல்லோரும் விரலை நக்கினார்கள். நான் மற்றவர்களைவிட நாலு துண்டு அதிகம் தின்றேன். "புதுப் பரணியில போட்டா இப்பிடி அடங்குது" என்று நீ சொல்ல, செய்தி ஊரெல்லாம் போயிற்று. உன் பெரியம்மை, தை மாதத்தில் மகள் கல்யாணத்துக்குச் சீர் வரிசையோடு வைக்க ஊறுகாய்ப் பரணி பன்னிரண்டு கேட்டாள்.

உனக்கு அது வெறும் பரணி அல்ல, எனக்குத் தெரியும். சொந்தமாக ஒரு சூளை வேண்டும் என்று நீ உன் அப்பாவிடம் ஒரு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். "கல்யாண வீட்டுல நாலுபேரு நல்லதுன்னு சொல்லட்டும். தென்னந்தோப்புல தெக்கு மூலையை உனக்கே தாறேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நீ அந்த மூலையில் எங்கே சூளை, எங்கே மண் குழி, எங்கே நான் வந்து உட்கார்ந்து குறை சொல்லக் கல் என்று படம்கூட வரைந்து வைத்திருந்தாய்.

பெரியம்மை வீட்டுக்கு ஐந்து பரணி போய்ச் சேர்ந்து, அவற்றில் ஊறுகாயும் போட்டாயிற்று. அந்த வாரம்தான் நான் வகுப்புக்கு உப்புகள் பாடம் தயார் செய்துகொண்டிருந்தேன். ஈயமும் காடியும் சேர்ந்தால் உண்டாகிற உப்புக்கு ஈயச் சர்க்கரை என்று பெயர், இனிக்கும், ஆனால் விஷம். இதை நான் மூன்று வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவள். வாயில் போட்டபோது நினைவுக்கு வரவில்லை. நாலு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்து, பலாச்சக்கைப் பழத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அன்றுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

நீ எனக்குத் தந்திருந்த பரணியில் காடி ஊற்றி ஒரு நாள் வைத்தேன். மறுநாள் வகுப்பில் அதைச் சோதனைக் குழாயில் எடுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற அந்த வாயுவை உள்ளே விட்டேன். தெளிந்திருந்த காடி கன்னங்கரேலென்று ஆயிற்று, ஈயம் இறங்கியிருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் உன்னிடம் குழாயைக் காட்டிச் சொன்னேன். நீ நம்பவில்லை. "உனக்குப் பொறாமை ஏட்டி" என்றாய். பிறகு உன் தூக்குச்சட்டியைத் திறந்து, "நான் திங்கேன், பாப்போம்" என்று ஊறுகாயைக் கையில் எடுத்தாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். உன் சேலையில், என் சேலையில், மேசையில் எல்லாம் எண்ணெய் தெறித்தது. அதன் பிறகு நீ என்னோடு பேசவில்லை. ஒரே அறையில், ஒரே பெஞ்சில், ஒரு வாரத்துக்கு மேல். அந்த நாட்களைப் போல நான் வேறு எதையும் வெறுத்ததில்லை.

உன்னிடம் கேட்காமல் நான் தனியாகப் பெரியம்மை வீட்டுக்குப் போனேன். இதை நீ பிறகு தெரிந்துகொண்டாய். குழாயையும் எடுத்துப் போயிருந்தேன். அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஈயச் செம்புல ரசம் வச்சுத்தானே மோளே நாங்க வளந்தோம்" என்றாள். அது வெள்ளீயம், இது காரீயம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "தேன் மாதிரி இருக்க ஊறுகாயில என்ன விஷம்? ரெண்டு சிநேகிதியும் சண்டையாக்கும்?" என்று சொல்லி எனக்கு முறுக்கும் காப்பியும் தந்து அனுப்பினாள். முறுக்கு நன்றாயிருந்தது.

பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போகும் முறை நம் இருவருக்கும் முன்பே போட்டிருந்ததால், பேசாமலேயே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அரண்மனையில் சீன ஜாடிகள் நிற்கிற இடத்தில் நீ நின்றுவிட்டாய். கருப்பட்டிப் பாகு நிறத்தில், இடுப்புயரத்துக்குப் பெரிய ஜாடிகள். நீ குனிந்து ஒன்றின் அடியைப் பார்த்தாய். அங்கும் மெருகு தரைக்கு மேலேயே நின்று, மண் தெரிந்தது. அத்தனை நாள் கழித்து நீ பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இதுல ஈயம் இல்லியா?"

"இல்லை. இது நீ சொன்ன சாம்பல் மெருகு. பெரும் சூட்டுல கல்லு மாதிரி இறுகினது. புளிப்பு இதைத் தொடாது" என்றேன்.

"வேளாருக்க சூளையில ஆவுமா?"

"அந்தச் சூட்டுல வேளாருக்க பானையே உருகிக் குழைஞ்சுரும் மக்கா."

நீ ஜாடியின் மேல் கையை வைத்தாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அந்தப் புத்தகத்தில், குதிரை படம் இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தையும் நீ வாசித்திருந்தாய். மூன்று நிறம் ஒழுகவிட்ட அந்த மெருகைச் சீனர் பெரும்பாலும் செத்தவர்களோடு குழியில் வைக்கிற பொம்மைகளுக்குத்தான் பூசினார்கள் என்று அதில் இருந்தது. நீ அதை ஒரு சாவுச் சடங்கு என்று மட்டும் எடுத்துக்கொண்டாய், உயிரோடு இருப்பவர்கள் தின்கிற பாத்திரத்துக்கு அதை ஏன் பூசவில்லை என்று யோசிக்கவில்லை.

"துக்க வீட்டுச் சாமான்னு தெரிஞ்சா கோட்டாத்துல ஒருத்தி தொடுவாளா? அதான் உங்கிட்டயும் சொல்லல்ல. சொல்லியிருந்தா நீ அப்பவே ஏன், எதுக்குன்னு நோண்டியிருப்பே. நோண்டியிருந்தா கண்டுபிடிச்சிருப்பே."

அது உண்மை. நான் நோண்டியிருப்பேன்.

மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, நேரே பெரியம்மை வீட்டுக்கு நடந்தோம். நான் வழியெல்லாம் எப்படிச் சொல்லலாம், எந்தப் பரிசோதனையைக் காட்டலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். நீ எனக்கு நாலடி முன்னால் நடந்தாய். அங்கே பெண்கள் பத்துப் பேர் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். நீ நடுவீட்டில் போய் நின்றாய்.

"பெரியம்மை, அந்தப் பரணியில போட்டிருக்க மெருகு, சீனாக்காரன் செத்தவங்களுக்க குழியில வைக்க பொம்மைக்குப் பூசுறது. எனக்கு முந்தியே தெரியும். சூளை வேணும்னு ஆசையில மறைச்சுட்டேன்."

மாவு பிசைகிற கைகள் அப்படியே நின்றன. என் குழாயும் கரும்படிவும் அசைக்காத வீட்டை நீ ஒரு வாக்கியத்தில் அசைத்தாய். விளக்கு வைப்பதற்குள் ஐந்து பரணியும் கொல்லைக்குப் போயின. ஊறுகாயைக் குழி தோண்டிக் கொட்டினார்கள். நடையில் தண்ணீர் தெளித்தார்கள். நமக்குக் காப்பி தரவில்லை. மறுநாள் காலைக்குள் கோட்டாறு முழுக்கத் தெரிந்துவிட்டது. உன் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "தோப்பு மூலைன்னு இனி எங்கிட்ட பேசப்பிடாது."

அன்று திரும்பி நடக்கும்போது நான்தான் அழுதேன். "வேற விதமாச் சொல்லியிருக்கலாம் ஏட்டி. உனக்க சூளை போச்சே" என்றேன்.

"நீ சொன்னது உண்மை. ஆனா அது அவங்க நடைப்படி ஏறாது. நான் சொன்னது ஏறும். கல்யாணப் பிள்ளை நல்லா இருக்கட்டும், சூளை கிடக்கட்டும்." கொஞ்ச தூரம் போன பிறகு, "இனியாவது உனக்க வயித்துவலி நிக்கும்லா" என்றாய்.

மீதிப் பரணிகளையும் வேளாரின் முற்றத்தில் உடைத்துப் புதைத்தோம். ஒன்றை மட்டும் நான் உடைக்க விடவில்லை. ஆசைதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீ ஒரு ஆணியால் அதன் அடியிலிருந்த வெறும் மண்ணில் 'வாய்க்கு ஆகாது' என்று கீறிக் கொடுத்தாய். கண்ணாடி போட்டுப் பார்த்தால் இப்போதும் எழுத்து தெரிகிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், வேளார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். ஒரு ஊர் இசக்கியம்மன் கோயில் கொடை விழாவுக்கு, கையில் பிள்ளையோடு இருக்கிற அம்மன் சிலை செய்யச் சொல்லியிருந்தார்கள். "எனக்க அம்மைக்கு அந்தப் பச்சையில ஒரு சேலை உடுத்தி விடணும் டீச்சர்" என்றார். நீ தயங்கினாய். அது குழிச் சாமான் மெருகு என்று ஊருக்கே தெரியுமே என்றாய்.

"அம்மை பாக்காத சுடுகாடா? அவ ஊறுகா போடவா போறா? நீங்க வாங்கோ."

சூளைக்குப் போனதும் நீ கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்தாய். சேலைக்குப் பச்சை, பிள்ளைக்கு மஞ்சள். முகத்துக்குப் போகும்போது வேளார் கையை நீட்டித் தடுத்தார். "முகத்துல பூசாண்டாம். மினுங்கிச்சுன்னா அம்மைக்க கண்ணு தெரியாது. முகத்தை நான் எழுதுகேன்" என்றார். நீ தூரிகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாய். ஒரு மணி நேரத்தில் கோட்டாறு போய்த் திரும்பி வந்து, முந்தானைக்குள்ளிருந்து அந்தக் குதிரைக்கார மண் ஆளை எடுத்து அவர் கையில் வைத்தாய். வேளார் அந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெருகில்லாத முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதைச் செஞ்சவன் நம்ம ஆளுதான்" என்றார்.

அந்த அம்மன் பச்சைச் சேலையோடு கொடைக்குப் போனாள். அடுத்த வருஷம் மூன்று ஊரிலிருந்து கேட்டு வந்தார்கள். வேளார் வீட்டுக்குப் பின்னால் உனக்கென்று ஒரு சிறிய சூளை எழும்பியது. உன் அப்பா ஒரு நாள் வந்து எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். தோப்பு மூலையை அவர் தரவே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து தோப்பின் காய்ந்த மட்டையும் பாளையும் வண்டி வண்டியாக உன் சூளைக்கு வந்தன. நம் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷத்தில், ஊர்வலத்துக்குப் போன வண்டிகளுக்கு நடுவில் உன் மட்டை வண்டி மாட்டிக்கொண்டு நின்றதையும், நீ ஏறி நின்று வண்டிக்காரரிடம் சண்டை போட்டதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் உட்காருகிற கல்லும் அங்கே இருந்தது. நான் வாராவாரம் போய் உட்கார்ந்து குறை சொன்னேன். நீ ஒழுகவிடும் இடத்தில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடிந்ததில்லை.

இதுவரை எழுதியபோது தம்பி மருமகள் வந்து கதவருகே நின்றாள். "அத்தை, வேற பரணி இல்லை. ஒரு மாசத்துக்கு மட்டும் போட்டு வைக்கேனே" என்றாள். திரும்பவும் ஈயம், காடி, கறுப்புப் படிவு என்று தொடங்க வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டு, உன் வாக்கியத்தை உன் குரலிலேயே சொன்னேன்.

"மக்கா, அது செத்தவங்களுக்க குழியில வைக்க சாமானுக்குப் பூசுற மெருகு."

அவள் சேலையில் கையைத் துடைத்தாள், பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். இப்போது நார்த்தங்காய் கண்ணாடிப் பாட்டிலில் ஏறுகிற சத்தம் கேட்கிறது. முப்பத்து மூன்று வருஷம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் ஆபத்து நேரத்துக்கு நான் கையில் வைத்திருப்பது நீ அன்று நடுவீட்டில் நின்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான். உன் சூளையைக் கொடுத்து வாங்கியது அது, எனக்கு மறக்காது.

பரணியை இனி மச்சுக்கு அனுப்பப் போவதில்லை, என் மேசையிலேயே இருக்கட்டும். தம்பியைக் கூப்பிட்டு ஒரு காரியமும் சொல்லி வைத்துவிட்டேன். என் காலம் முடிந்ததும் கன்னியாகுமரிக் கடலில் கரைக்க என் சாம்பலை இதில்தான் எடுத்துப் போக வேண்டும். அந்த மெருகுக்கு அதுதானே ஏற்பட்ட வேலை? அவன் முகம் சுளித்தான். பயப்படாதே என்று சொன்னேன். சாம்பலில் புளிப்பு இல்லை.